ஸ்டீம் ரிவ்யூ, பிளேடெஸ்ட், எர்லி ஆக்சஸ்: ஆட்டக்காரர் சொல்வதைக் கேட்க எது உதவும்?

கணினி கேம்களை விற்கும் வால்வ் நிறுவனத்தின் இணையக் கடையான ஸ்டீமில் கேம் வெளியிடுகிறவர்களுக்கு, ஆட்டக்காரர் என்ன நினைக்கிறார் என்று தெரிந்துகொள்ள மூன்று வாசல்கள் இருக்கின்றன. முடியாத கேமை விற்றுக்கொண்டே வளர்க்க விடும் எர்லி ஆக்சஸ், 2013 மார்ச்சில் தொடங்கியது. ஆட்டக்காரர் கருத்து எழுதும் ரிவ்யூ, அதே ஆண்டு நவம்பரில் வந்தது. வெளியீட்டுக்கு முன் இலவசமாக ஆடிப்பார்க்க அழைக்கும் பிளேடெஸ்ட், 2020-இல் சேர்ந்தது. இவற்றை வைத்து எப்படி விற்பது என்று ஏராளமாகப் பேசியாகிவிட்டது. கேமை இன்னும் நல்ல கேமாக ஆக்க இவை எவ்வளவு கைகொடுக்கின்றன என்பதை மட்டும் இங்கே பார்க்கிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சின்னக் குழுவுக்கு இந்த மூன்றில் அதிகப் பயன் தருவது பிளேடெஸ்ட்தான். ரிவ்யூவைச் சதவீதமாகப் பார்க்காமல் பிரித்துப் படித்தால் நிறைய சொல்லும். எர்லி ஆக்சஸ் வலுவான கருவி, ஆனால் சில வகை கேம்களுக்குத்தான் பொருந்தும். மூன்றுக்கும் பொதுவாக ஒரு குறை உண்டு. உட்கார்ந்து பேசுகிறவர் குரல் கேட்கிறது. பேசாமல் எழுந்து போனவர் குரல் கேட்பதில்லை. போனவர்கள்தான் எப்போதும் அதிகம். அவர்கள் எங்கே எழுந்தார்கள் என்பதை டெவலப்பர்தான் தேடிப் பிடிக்க வேண்டும், ஸ்டீம் கொண்டுவந்து தராது.

ரிவ்யூ

கட்டைவிரல் மேலே, இல்லையென்றால் கீழே. நடுவில் எதுவும் கிடையாது. 10 ரிவ்யூ சேர்ந்த பிறகுதான் மதிப்பீடே தெரியும். 70 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் கலவையான வரவேற்பு என்ற முத்திரை விழும். 80-ஐத் தொட்டு, 50 ரிவ்யூவும் சேர்ந்திருந்தால் மிக நல்ல வரவேற்பு. ஸ்டீமில் நேராக வாங்காமல், வெளியே கிடைத்த கீ (கேமைத் திறக்கும் குறியீடு) மூலம் வந்தவர்களின் ரிவ்யூ 2016 செப்டம்பர் முதல் இந்தக் கணக்கில் சேர்வதில்லை, அது நல்ல முடிவு. ஆனால் 79-க்கும் 80-க்கும் நடுவே கேமில் ஒரு மாற்றமும் இல்லை, முத்திரை மட்டும்தான் மாறுகிறது. அந்த ஒரு சதவீதத்துக்காகக் குழுக்கள் தூக்கம் கெட்டுத் தவிப்பதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. அடுத்து எந்த வேலையைக் கையில் எடுப்பது என்பதற்கு அந்த எண்ணில் பதிலே இல்லை.

பதில் இருப்பது ஒவ்வொரு ரிவ்யூவோடும் வரும் விளையாடிய நேரத்தில். மொத்த நேரத்தைப் பார்க்காதீர்கள். ரிவ்யூ எழுதியபோது எத்தனை மணி நேரம் ஆகியிருந்தது என்பது தனியாக வருகிறது, அதைப் பாருங்கள். ரிவ்யூக்களை மொத்தமாக, நிரலால் எளிதாகப் படிக்க முடிந்த ஜேசன் வடிவில் எடுக்க ஸ்டீம் பொதுவழி ஒன்றைத் திறந்து வைத்திருக்கிறது, கடவுச்சொல்லும் தேவையில்லை. ஒரு தடவைக்கு அதிகபட்சம் 100 வரும். அடுத்த 100-க்கு, முந்தைய பதிலில் வந்த கர்சர் குறியீட்டைத் திருப்பி அனுப்ப வேண்டும். அந்தக் குறியீட்டில் கூட்டல் குறி போன்ற எழுத்துகள் இருக்கும். யூஆர்எல் என்கோடிங் செய்யாமல் (அந்த எழுத்துகளை இணைய முகவரிக்கு ஏற்ற வடிவுக்கு மாற்றாமல்) அனுப்பினால் பக்கம் சரியாக நகராது, பலர் இங்கேதான் சிக்குகிறார்கள். எழுதியபோது ஆகியிருந்த நேரம் நிமிடக் கணக்கில் வரும். எர்லி ஆக்சஸ் காலத்தில் எழுதியதா என்பதற்கும் தனி அடையாளம் உண்டு.

இப்போது கீழ்நோக்கிய கட்டைவிரல்களை மட்டும் எடுத்து மூன்று குவியலாகப் போடுங்கள். 120 நிமிடத்துக்குள் எழுதியவை முதல் குவியல். வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்பது 2015 ஜூன் முதல் இருக்கும் விதி. ஆகவே இந்தக் குவியலில் இருப்பவர் இன்னும் முடிவெடுக்காத நிலையில் விளையாடியவர். இங்கே பெரும்பாலும் கண்ட்ரோல் கைக்கு வராதது, டுடோரியல் குழப்பம், ஃபிரேம் விழுவது (படம் திக்கித் திக்கி ஓடுவது), கடைப்பக்கத்து டிரெய்லர் காட்டியது ஒன்று கேமில் இருப்பது வேறு என்ற ஏமாற்றம் ஆகியவை இருக்கும். கடைசி வகைப் புகாருக்கு கேமில் கை வைக்கவே வேண்டாம், டிரெய்லரை மாற்றினால் போதும். நடுக்குவியல், 2 மணி முதல் ஏறத்தாழ 20 மணி வரை. திரும்பத் திரும்ப ஒரே வேலை, நடுவில் திடீரென்று ஏறும் கடினம், கெட்டுப்போன சேவ் எல்லாம் இங்கே கிடைக்கும். கேமின் உடலைத் திருத்த இதைவிடப் பொறுமையாகப் படிக்க வேண்டிய குவியல் இல்லை. மூன்றாவது, நூற்றுக்கணக்கான மணி நேரம் விளையாடிவிட்டுக் கட்டைவிரலைக் கவிழ்த்தவர்கள். இவர்களைப் பார்த்து, இவ்வளவு நேரம் விளையாடிவிட்டு என்ன குறை என்று கேட்பது தவறு. ஒரு அப்டேட் தங்கள் பழகிய வழியை உடைத்துவிட்டது, அல்லது குழுவின் மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது என்று இவர்கள் சொல்கிறார்கள். அது உண்மையான தகவல். ஆனால் புதிதாக வருகிறவருக்காக கேமைத் திருத்தும்போது இவர்கள் பேச்சை மட்டும் கேட்டால், உள்ளே நுழையவே முடியாத கேம்தான் மிஞ்சும்.

இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது, பணம் திரும்பக் கேட்டவர்கள் விட்டுச்சென்ற காரணங்கள். டெவலப்பர்களுக்கான ஸ்டீமின் தளமான ஸ்டீம்வொர்க்ஸில் அவை தெரியும். ஒரு வரி, இரண்டு வரிதான் இருக்கும், மொழியும் சுருக்கமாக இருக்கும். ஆனாலும் எழுந்து போனவர் வாயிலிருந்து நேராக வரும் ஒரே எழுத்து அதுதான். ஏன் இத்தனை குழுக்கள் அதைத் திறக்காமலே விடுகின்றன என்று புரியவில்லை.

எல்லா ரிவ்யூ அலையும் கேமின் வடிவமைப்பைப் பற்றியதாக இருக்காது. 2024 மே மாதம் ஹெல்டைவர்ஸ் 2 என்ற துப்பாக்கிச் சண்டை கேமுக்கு வந்தது அப்படி ஒன்று. அதை வெளியிட்ட சோனி, தன் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் கணக்கைக் கட்டாயமாக்கப் போவதாக அறிவித்ததும், சில நாளில் இரண்டு லட்சத்துக்கும் மேல் எதிர்மறை ரிவ்யூ குவிந்தது. சோனி பின்வாங்கியது. துப்பாக்கியோ வரைபடமோ அங்கே பிரச்சினை இல்லை. அதற்காக அதைச் சத்தம் என்று ஒதுக்கவும் முடியாது, கணக்கு தொடங்கவே வழியில்லாத நாடுகளில் வாங்கியவர்களின் நியாயமான கோபம் அது. இப்படித் திடீரென்று எழும் அலைகளைக் காட்ட 2017-இல் வால்வ் கால வரைபடம் சேர்த்தது. 2019 முதல், கேமோடு தொடர்பில்லாதது என்று முடிவாகும் அலையை மதிப்பீட்டிலிருந்து விலக்கவும் செய்கிறது. வரைபடத்தில் செங்குத்தாக ஒரு கோடு எழும்பினால், அந்தத் தேதியில் என்ன அறிவித்தீர்கள் என்று முதலில் பாருங்கள், கேமின் நிரலைத் திறப்பது பிறகு. ஒரே ஒரு மொழியில் மட்டும் மதிப்பீடு தாழ்ந்திருந்தால் அந்த மொழிபெயர்ப்பைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

வலி நிஜம், மருந்து வேறு

ரிவ்யூவிலும் சரி, பிளேடெஸ்ட் படிவத்திலும் சரி, ஆட்டக்காரர் எழுதுவது பெரும்பாலும் தீர்வாகவே வந்து சேரும். இந்தத் துப்பாக்கியின் பலத்தைக் கூட்டுங்கள். இந்த எதிரியை எடுத்துவிடுங்கள். இன்னொரு சேவ் இடம் வையுங்கள். அந்த வரிக்குப் பின்னால் ஏதோ வலித்திருக்கிறது, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அவர் சொல்லும் மருந்து சரியாக இருப்பது குறைவு, ஏனென்றால் கேமின் மற்ற பாகங்கள் அவருக்குத் தெரியாது. துப்பாக்கி பலவீனம் என்ற புகார் பத்துப் பேரிடமிருந்து வந்தால், எண்ணைத் தொடுவதற்கு முன், கேமுக்குள் நடந்ததன் பதிவைப் பாருங்கள். மற்ற துப்பாக்கிகளுக்குச் சமமாகவே அது எதிரிகளை வீழ்த்துகிறது என்று தெரியவரலாம். அப்படியானால் குறை குண்டில் இல்லை. சத்தம் மெலிந்திருக்கலாம், அடிபட்ட எதிரி அசையாமல் நிற்கலாம், பட்டதற்கான அடையாளம் திரையில் தாமதமாக வரலாம். இது தெரியாமல் பலத்தைக் கூட்டினால், அடுத்த மாதம் அதே துப்பாக்கி மிகையான பலம் என்று புகார் வரும்.

பிளிசார்ட் நிறுவனத்தின் இணையவழி கேமான வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் பீட்டாவில் (வெளியீட்டுக்கு முந்தைய சோதனையில்) நடந்தது இதற்குச் சரியான பாடம். நெடுநேரம் விளையாடினால் அனுபவப் புள்ளி பாதியாகக் குறையும் என்று வைத்திருந்தார்கள். எல்லோரும் வெறுத்தார்கள். பிளிசார்ட் எண்களை அப்படியே வைத்துக்கொண்டு பெயரை மாற்றியது. குறைந்த அளவை இயல்பான 100 சதவீதம் என்றும், ஓய்வெடுத்துவிட்டு வருகிறவருக்குக் கிடைப்பதை 200 சதவீதம் என்றும் காட்டியது. தண்டனையாகத் தெரிந்தது பரிசாகத் தெரிந்தது. அந்த அமைப்பை எடுத்துவிடுங்கள் என்ற கோரிக்கையை அப்படியே நிறைவேற்றியிருந்தால், கெடுதல் இல்லாத ஒரு நல்ல வடிவமைப்பு போயிருக்கும்.

வாய்ப்புக் கணக்கிலும் இதே கதைதான். 90 சதவீதம் படும் என்று காட்டிய அடி தவறினால் கேம் ஏமாற்றுகிறது என்பார்கள், பத்தில் ஒன்று தவறுவது கணக்குப்படி சரிதான் என்றாலும். ஃபயர் எம்பளம் என்ற போர் உத்தி கேம் வரிசை 2002 முதல் இதற்கு ஒரு வழி கையாண்டது. ஒரு தற்செயல் எண்ணுக்குப் பதிலாக இரண்டு தற்செயல் எண்களை எடுத்து, சராசரியை வைத்துத் தீர்மானிப்பது. அப்போது திரையில் 90 என்று தெரியும் அடி உண்மையில் சுமார் 98 சதவீதம் படும். 10 என்று தெரிவது சுமார் 2 சதவீதம்தான் படும். புகாருக்குக் காரணம் மனக்கணக்கு என்று தெரிந்து, அந்த மனக்கணக்குக்கு ஏற்ப உள்கணக்கையே மாற்றிவிட்டார்கள்.

ஆனால் ஆட்டக்காரருக்குத் தனக்கு என்ன வேண்டும் என்றே தெரியாது என்று நினைத்துவிடவும் கூடாது. பழைய வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டைத் திரும்பத் தாருங்கள் என்ற கோரிக்கைக்கு, வேண்டும் என்று நினைக்கிறீர்கள், உண்மையில் வேண்டாம் என்ற பொருளில் பிளிசார்டின் ரசிகர் மாநாடான பிளிஸ்கானில் 2013-இல் மேடையிலிருந்தே பதில் வந்தது. 2019 ஆகஸ்டில் அந்தப் பழைய வடிவம் கிளாசிக் என்ற பெயரில் திறந்தபோது சர்வர்களில் மணிக்கணக்கில் வரிசை நின்றது. கேட்டவர்கள் அந்தப் பழைய கேமை வருடக்கணக்கில் விளையாடியவர்கள், ஊகித்துக் கேட்கவில்லை. ஒருவர் தான் அனுபவித்ததைப் பற்றிப் பேசுகிறாரா, இன்னும் பார்க்காததைப் பற்றிப் பேசுகிறாரா என்று பிரிப்பதுதான் இங்கே உரைகல்.

பிளேடெஸ்ட்

கேமோடு இணைந்த தனி ஆப் ஐடியில் (ஸ்டீம் தரும் அடையாள எண்ணில்) இது இயங்குகிறது. ஸ்டீம்வொர்க்ஸில் உருவாக்கி, தனி பில்ட் (கேமின் ஒரு பதிப்பு) ஏற்றி, வால்வின் சரிபார்ப்புக்கு அனுப்ப வேண்டும். முடிந்ததும் கேமின் கடைப்பக்கத்திலேயே அனுமதி கேட்கும் பொத்தான் வரும். அழுத்தியவர்கள் காத்திருப்பார்கள், எத்தனை பேரை எப்போது உள்ளே விடுவது என்பது உங்கள் கையில். ஆட்டக்காரருக்குக் காசு இல்லை. ரிவ்யூ எழுத முடியாது என்பதால் கேமின் மதிப்பீட்டில் கீறல் விழாது. வேலை முடிந்ததும் மூடிவிடலாம். அரைகுறை கேமைப் பயமில்லாமல் காட்ட இதைவிடப் பாதுகாப்பான இடம் ஸ்டீமில் கிடையாது.

இதில் எல்லோரும் செய்யும் பெரிய தவறு, காத்திருக்கும் எல்லாரையும் முதல் நாளே உள்ளே விடுவது. ஒருவர் ஒரு கேமை முதல்முறை பார்ப்பது ஒரே ஒரு தடவைதான். 2,000 பேரை ஒரே நாளில் விட்டால், 2,000 பேரும் டுடோரியலில் அதே இடத்தில் தடுமாறிவிட்டுப் போவார்கள். திருத்தியது சரியா என்று பார்க்கப் புதுக் கண் ஒன்றும் மிஞ்சாது. 30 பேரை விடுங்கள், முட்டிய இடத்தைத் திருத்துங்கள், பிறகு அடுத்த 30. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இன் பயிற்சிப் பகுதியை மைக்ரோசாஃப்ட் குழு இப்படித்தான் சோதித்தது: எல்லோரும் முடிக்கட்டும் என்று காத்திருக்காமல், காரணம் தெளிவாகத் தெரிந்த சிக்கலை உடனே திருத்திவிட்டு அடுத்தவரை உட்கார வைத்தார்கள். பல பேர் பங்கேற்கும் கேமுக்கு மட்டும் இது செல்லாது. 200 பேருக்கு அனுமதி கொடுத்தாலும் நேர மண்டலங்களில் சிதறிப்போவார்கள், எப்போது பார்த்தாலும் நாலைந்து பேர்தான் இருப்பார்கள். அதற்கு இரண்டு மூன்று மணி நேரம் மட்டும் சர்வரைத் திறந்து, நேரத்தை முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஸ்டீம் உங்களுக்காகக் கேள்விப் படிவம் எதுவும் நடத்தாது. கேமுக்குள் நடப்பதையும் தானாகப் பதிவு செய்யாது. இது இந்தச் சேவையின் பெரிய ஓட்டை, அடைக்க வேண்டியது டெவலப்பர். சப்நாட்டிகாவின் எர்லி ஆக்சஸ் காலத்தில் எஃப்8 விசையை அழுத்தினால் கேமுக்குள்ளேயே கருத்துப் பெட்டி திறக்கும். அந்த வழி இன்றும் சிறந்தது. செய்யும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. விசை அழுத்தியதும், பெட்டி திரையை மறைக்கும் முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டும். பில்ட் எண், இருக்கும் லெவல், நிற்கும் இடம், தற்செயல் விதை எண் (கேமில் தற்செயலாக வருபவற்றைத் தீர்மானிக்கும் எண்) எல்லாம் தானாகவே சேர வேண்டும். ஆட்டக்காரர் எழுதியதை முதலில் கணினியில் சேமித்துவிட்டுத்தான் இணையத்தில் அனுப்ப வேண்டும். இணைப்பு அறுந்தால் அந்தப் பத்து வரியை அவர் மறுபடி எழுத மாட்டார். பில்ட் எண்ணை ஏற்ற மறந்து புதுப் பதிப்பு விட்டால், போன வாரம் திருத்திய பக் (பிழை) பற்றிய புகாரும் இந்த வாரப் புகாரும் ஒன்றாகக் கலந்துவிடும்.

எழுந்து போனவரைப் பிடிப்பதற்கான நுட்பமும் இங்கேதான். வெளியேறும்போது ஒரு செய்தி அனுப்பு என்று நிரலில் எழுதிவைத்தால் போதாது. கேம் கிராஷ் ஆனாலோ, ஆட்டக்காரர் ஆல்ட்+எஃப்4 அழுத்தி மூடினாலோ அந்தச் செய்தி பல நேரம் வராது. கோபத்தோடு போகிறவர்கள் இப்படித்தான் மூடுவார்கள். அதற்குப் பதில் 30 வினாடிக்கு ஒரு தடவை லெவலையும் இடத்தையும் அனுப்பிக்கொண்டே இருங்கள். கடைசியாக வந்த செய்தி காட்டுவதுதான் அவர் விட்ட இடம். இரண்டு நிமிடம் எந்த விசையும் தொடவில்லையென்றால் அந்த நேரத்தைக் கழித்துவிடுங்கள். இல்லையேல் பாஸ் திரையில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனவர் உங்கள் கேமின் தீவிர ரசிகராகக் கணக்கில் ஏறுவார். பதிவு செய்யும் முன் ஒப்புதல் கேட்பது கட்டாயம். ஹேலோ 3 உருவானபோது ஆட்டக்காரர்கள் செத்த இடங்களை வரைபடத்தில் குறித்துப் பார்த்தார்கள். அதே வேலையை விட்டுப்போன இடங்களுக்குச் செய்தால், யாரும் எழுதாத புகார்கள் கண்ணுக்குத் தெரியும். ஸ்லே த ஸ்பயர் குழு எர்லி ஆக்சஸில் எந்தச் சீட்டை எத்தனை பேர் எடுத்தார்கள், எடுத்தவர் எவ்வளவு வென்றார் என்ற பதிவை வைத்துச் சமநிலை பார்த்ததும் இந்த வழிதான்.

படிவத்தில் கேம் பிடித்ததா என்று கேட்காதீர்கள். இலவசமாக, மற்றவருக்கு முன்பே கிடைத்த மகிழ்ச்சியில் பிடித்தது என்றுதான் எழுதுவார். கடைசியாக என்ன செய்ய முயன்றீர்கள்? எங்கே என்ன செய்வதென்று தெரியாமல் நின்றீர்கள்? அப்போது என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள்? இந்த மூன்றும் போதும். நான்காவதாக, இந்தக் கேம் எதைப் பற்றியது என்று நண்பரிடம் சொல்வதுபோல ஒரு வரி எழுதச் சொல்லலாம். அந்த வரியும் உங்கள் கடைப்பக்கத்து வரியும் ஒத்துப்போகவில்லை என்றால் சிக்கல் ஆழத்தில் இருக்கிறது.

பிளேடெஸ்டால் முடியாதவையும் உண்டு. காசு கொடுத்து வாங்குவாரா என்பது இதில் தெரியாது. தேடி வந்து பொத்தானை அழுத்துகிறவர் அந்த வகை கேமை ஏற்கெனவே விரும்புகிறவர், ஆகவே வெளியாள் கண்ணில் எப்படித் தெரியும் என்பதும் தெரியாது. ரகசியம் காக்கவும் வழியில்லை. உள்ளே வந்தவர் வீடியோ எடுப்பார் என்று எண்ணியே கதையின் முக்கியத் திருப்பங்களை பில்டிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

எர்லி ஆக்சஸ்

ஹேடிஸ் 2018 டிசம்பரில் எபிக் கடையிலும், ஓராண்டு கழித்து ஸ்டீமிலும் எர்லி ஆக்சஸாக இருந்து, 2020 செப்டம்பரில் முழுமையானது. திரும்பத் திரும்பச் செத்து, திரும்பத் தொடங்கும் கேம் அது. ஒவ்வொரு அப்டேட்டும் ஒரு புது ஆயுதம், புது வரம், புது உரையாடல் என்று சேர்க்கும்போது பழைய ஆட்டக்காரருக்கும் புதிதாக இருக்கும். இப்படிச் சுழலும் கேம்களுக்கு எர்லி ஆக்சஸ் அளவெடுத்துத் தைத்த சட்டை.

நேர்கோட்டில் போகும் கதைக்கு அப்படி இல்லை. பால்டர்ஸ் கேட் 3, 2020 அக்டோபர் முதல் 2023 ஆகஸ்ட் வரை எர்லி ஆக்சஸில் இருந்தது, ஆனால் அங்கே இருந்தது முதல் பாகம் மட்டும். வெளியானபோது அந்த முதல் பாகம் இழைத்து இழைத்துச் செய்ததாக இருந்தது; மூன்றாம் பாகத்தில் ஃபிரேம் விழுகிறது, பக் இருக்கிறது என்ற புகார்கள் வந்தன. அதை உருவாக்கிய லாரியன் நிறுவனம் பிறகு பேட்ச் விட்டுத் திருத்தியது. ஆட்டக்காரர் கண் பட்ட இடம் மட்டும் மெருகேறும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. கதையைக் காக்க மீதியை மறைத்துவைப்பது நியாயமான முடிவுதான். மறைத்த பகுதிக்குத் தனியாக, சிறிய மூடிய சோதனை வைக்க வேண்டும் என்பதுதான் அதற்கான விலை.

இரண்டாவது சிக்கல் இன்னும் நுட்பமானது. டார்கெஸ்ட் டஞ்சன் 2015-இல் எர்லி ஆக்சஸில் இருந்தபோது, செத்த எதிரியின் சடலம் அதே இடத்தில் கிடக்கும் என்ற விதியைச் சேர்த்தது. எதிரிகள் நான்கு பேர் வரிசையாக நிற்கும் கேம் அது. முன்பெல்லாம் முன்வரிசையைக் கொன்றால் பின்வரிசை தானாக முன்னே நகரும், வாளுக்கு எட்டும். சடலம் இடத்தைப் பிடித்துக்கொண்டால் நகராது. முன்வரிசையை அடித்தே எல்லாக் கதவையும் திறந்த வழி அடைபட்டது, நான்காம் இடம் வரை எட்டும் வீரருக்கு மதிப்பு வந்தது. வடிவமைப்பாகப் பார்த்தால் சிந்தித்துச் செய்த மாற்றம். ஆனால் பல மாதம் பழைய விதியில் கை தேர்ந்தவர்களுக்கு அது பறிப்பாகவே பட்டது. எதிர்ப்பு கிளம்பி, அந்த விதியை வேண்டாதவர் அணைத்துக்கொள்ளலாம் என்று குழு மாற்றியது. முதல் நாளே சடலம் இருந்திருந்தால் யாரும் கோபப்பட்டிருக்க மாட்டார்கள். ஆகவே கேமின் எலும்பைத் தொடும் மாற்றங்கள் எல்லாம் எர்லி ஆக்சஸுக்கு முன்பே, பிளேடெஸ்டிலேயே முடிந்துவிட வேண்டும். எர்லி ஆக்சஸில் சேர்ப்பது எளிது, எடுப்பது கடினம்.

கால அளவும் ஒரு பொறி. டேஇசட் என்ற கேம் 2013 டிசம்பரில் எர்லி ஆக்சஸில் நுழைந்து 2018 டிசம்பரில்தான் வெளியே வந்தது. 2025 முதல், 12 மாதத்துக்கு மேல் அப்டேட் இல்லாத எர்லி ஆக்சஸ் கேமின் கடைப்பக்கத்தில் ஸ்டீம் எச்சரிக்கை போடுகிறது. வாங்குகிறவருக்கு இது நல்லது, வெகு முன்பே வந்திருக்க வேண்டும். எர்லி ஆக்சஸ் காலத்து ரிவ்யூக்கள் முழு வெளியீட்டுக்குப் பிறகும் மொத்தக் கணக்கில் தொடரும் என்பதை மறந்துவிட்டு, உடைந்த பில்டோடு நுழையாதீர்கள். அன்று விழுந்த கட்டைவிரல் பக் திருத்தப்பட்டதும் தானாக எழாது. திருத்தியதும் அந்த ரிவ்யூவுக்குக் கீழே, எந்தப் பதிப்பில் சரியானது என்று ஒரே வரியில் பதில் எழுதினால் சிலர் திரும்பி வந்து மாற்றுவார்கள். வாதாடினால் மாற்ற மாட்டார்கள்.

சுழன்று வரும் கேம் என்றால் பிளேடெஸ்ட் நான்கைந்து சுற்று, பிறகு எர்லி ஆக்சஸ். கதை கேம், புதிர் கேம் என்றால் பிளேடெஸ்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விடை தெரிந்த ஆட்டக்காரரால் புதிரைச் சோதிக்க முடியாது. எந்த வகையானாலும், அனுமதி கேட்டுக் காத்திருப்பவர்களில் கடைசி 50 பேரை வெளியீட்டுக்கு இரண்டு வாரம் முன்புவரை தொடாமல் வைத்திருங்கள். அவர்கள் முதல் அரைமணி நேரத்தைக் கடக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். அந்த இரண்டு வாரத்தில் புது அம்சம் எதையும் சேர்க்க நேரமிருக்காது, டுடோரியலில் முட்டும் இரண்டு மூன்று இடங்களைத் திருத்த நேரமிருக்கும்.